எண் அல்லாத ஒன்பதாம் வகுப்பு

என் வாழ்நாளில் நான் எழுதிய புரோகிராம்களில் உருப்படியான வரி என்று ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல முடியும். அந்த வரியை எவனோ முட்டாள் எழுதியிருக்கிறான் என்று நினைத்து நானே அழித்தேன். எழுதியவனும் நான்தான், அழித்தவனும் நான்தான். இரண்டுக்கும் இடையில் ஒரு வாரம்கூட ஓடியிருக்காது. அந்த ஒரு வாரத்தில் உங்களுக்கு என்ன ஆயிற்று என்று என் மனைவி பிறகு கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை, எப்போதும் போலத்தான் இருந்தேன் என்றேன். அதுதான் தொந்தரவே என்றாள்.

தொண்ணூறுகளின் கடைசி. மயூர் விஹாரில் ஒரு கூட்டுறவு அடுக்ககத்தில் எங்கள் வீடு. நான் நேரு பிளேஸில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். சி மொழியில் சம்பளப் பட்டியல் போடும் புரோகிராம் எழுதுவது, பிறகு அது ஏன் ஓடவில்லை என்று பார்ப்பது, இரண்டும் என் வேலை. முதலாவதைவிட இரண்டாவதில்தான் அனுபவம் அதிகம். மனைவி லோதி ரோடு பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். திருநெல்வேலிக்காரி. தில்லிக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் அவள் தமிழில் ஒரு எழுத்துகூட இடம் மாறவில்லை. இந்தி பேசும்போதும் அது பாளையங்கோட்டை வழியாகத்தான் வந்து சேரும்.

அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. அந்த வருடம் முழு ஆண்டுத் தேர்வு முடிவுகளைக் கம்ப்யூட்டரில் போட்டால் என்ன என்று பிரின்ஸிபல் மேடத்துக்கு ஓர் ஆசை வந்தது. பக்கத்துப் பள்ளியில் போட்டுவிட்டார்களாம். ஆசிரியர் கூட்டத்தில் "யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா" என்று கேட்டபோது என் மனைவி வாயைத் திறக்கவில்லை. என் திறமையை அருகில் இருந்து பார்த்தவள். ஆனால் பள்ளி ஆண்டு விழாவில் நான் பிரின்ஸிபலிடம் போய், நான் யார், என்ன வேலை, கம்ப்யூட்டர் என் கையில் எப்படிக் குட்டிக்கரணம் போடும் என்பதையெல்லாம் கேட்காமலே சொல்லி வைத்திருந்தேன். மேடம் நினைவாற்றல் உள்ளவர்.

"உங்க வீட்டுக்காரர் இருக்காரே" என்றாராம்.

"இருக்காக" என்றாளாம் என் மனைவி. அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லையாம்.

இப்படியாக ஒன்பதாம் வகுப்பின் தலையெழுத்து என் கைக்கு வந்தது. ஆறு பாடம், கூட்டு, வகு, முப்பத்து மூன்று வந்தால் பாஸ், வராவிட்டால் ஃபெயில். இதில் என்ன இருக்கிறது? ஒரு சனிக்கிழமை மதியம் போதும் என்று நினைத்தேன். ஒரே ஒரு பெண்ணின் கணக்கில் மட்டும் இடறியது.

அந்தப் பெண் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பிலிருந்து வருபவள். அவள் அம்மா ஜங்புராவில் இரண்டு கோட்டிகளில் பாத்திரம் தேய்த்துத் தரை துடைப்பவர். பங்களா வீடுகளை அங்கே எல்லோரும் கோட்டி என்றுதான் சொல்வார்கள். "எங்கம்மா கோட்டியில இருக்குது" என்று அந்தப் பெண் முதல் நாள் சொன்னதும், கோட்டி என்றால் பைத்தியம் என்று பழகிய திருநெல்வேலி டீச்சர் பதறிப்போய் அவளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்ததாக ஒரு கதை உண்டு. பெண் கெட்டிக்காரி. விஞ்ஞானத்தில் வகுப்பில் யாரையும் கிட்டே விடமாட்டாள். ஆனால் தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதே அம்மை போட்டுவிட்டது. எழுதாமல் போனது அந்த விஞ்ஞானப் பரீட்சைதான்.

பள்ளி விதிப்படி உடம்பு சரியில்லாமல் ஒரு பரீட்சை தவறினால், மற்ற ஐந்து பாடங்களின் சராசரியை வைத்து முடிவு சொல்லலாம். ஆனால் டாக்டர் சர்ட்டிஃபிகேட் வேண்டும். இல்லாவிட்டால் தேர்வு முடியாத கணக்கு, ஃபெயில்தான். அம்மைக்கு எந்தத் தமிழ் வீட்டில் டாக்டரிடம் போவார்கள்? வாசலில் வேப்பிலை கட்டினார்கள், தாளிக்காமல் சமைத்தார்கள், மாரியாத்தாளுக்கு மோர் வைத்தார்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். சர்ட்டிஃபிகேட் மட்டும் யாரும் எழுதவில்லை.

என் மனைவி கேம்ப்பை ஒட்டி ஓடும் பாராபுல்லா நாலா என்ற சாக்கடையின் நாற்றத்தைக் கடந்து அவர்கள் வீட்டுக்கே போனாள்.

"ஒரு டாக்டர்கிட்ட காட்டியிருக்கக் கூடாதாம்மா?"

"இன்னா டீச்சர் இப்டி கேக்கற. ஆத்தாளே ஊட்ல வந்து குந்தியிருக்கா. அவ எதுருல இன்னொருத்தர கூப்டு கேக்க முடியுமா? மரியாதையா இருக்குமா?"

"சரி. ஆத்தா போயிட்டாள்ல. இப்ப காட்டலாம்ல?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகுதான் உண்மையான கவலை வெளியே வந்தது. "தோ பாரு டீச்சர். பொண்ணு பாஸாச்சினா படிக்கட்டும். ஃபெயிலுனு வந்துச்சினா அதுக்கு அடுத்த திங்கக்கெழமைலருந்து என்கூட கோட்டிக்கு வரட்டும். மேம்சாப்கிட்ட சொல்லி வெச்சிட்டேன். எனக்கும் இடுப்பு போச்சி. ஒரே கிளாஸுல ரெண்டு வருசம்லாம் ஒக்கார வெக்க முடியாது."

அன்று வீட்டுக்கு வந்த என் மனைவி கோபத்தில் துவரம்பருப்பை இரண்டு முறை களைந்தாள். மறுநாள் அந்தப் பெண்ணை அரசாங்க டிஸ்பென்ஸரிக்கு அழைத்துப்போய், ஆறிய தழும்புகளை டாக்டரிடம் காட்டி, அவர் இந்தியில் திட்ட, இவள் பாளையங்கோட்டை இந்தியில் பதில் சொல்ல, கடைசியில் சர்ட்டிஃபிகேட் வாங்கிவிட்டாள். பிரின்ஸிபலும் சம்மதித்துவிட்டார். இனி மிச்சமிருந்தது என் பங்கு ஒன்றுதான். அந்தப் பெண்ணின் ஐந்து பாடத்தைக் கூட்டி ஐந்தால் வகுக்க வேண்டும்.

"இந்தப் பிள்ள விசயத்துல மட்டும் உங்க வித்தைய காட்டிராதீங்க" என்றாள்.

"கவலைப்படாதே" என்றேன். எங்கள் தாம்பத்தியத்தில் அவளை மிக அதிகமாகக் கவலைப்பட வைத்த சொல் அதுதான்.

முதல் முயற்சியில், எழுதாத பரீட்சைக்கு மைனஸ் ஒன்று என்று போட்டேன். பூஜ்யம் போட்டால் எழுதி முட்டை வாங்கியதுபோல் ஆகிவிடும், மைனஸ் ஒன்று யாரும் வாங்க முடியாத மதிப்பெண், அதனால் அடையாளம் தெரியும் என்பது என் எண்ணம். அடையாளம் தெரிந்தது எனக்கு. புரோகிராமுக்குத் தெரியவில்லை. அது பாட்டுக்கு மைனஸ் ஒன்றையும் கூட்டி ஆறால் வகுத்தது. மாதிரித் தாளைப் பார்த்த மனைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"முட்டை வாங்குன பிள்ளைங்களப் பாத்திருக்கேன். முட்டையில கடன் வச்ச பிள்ளைய இப்பத்தான் பாக்குதேன்."

"எழுதலைன்னு அர்த்தம்."

"எழுதலைன்னா ஆப்சென்ட், AB-ன்னு போடணும். பேருக்கு நேரா ரெண்டு எழுத்து. அம்புட்டுதான?"

நியாயமான யோசனை. ஒரு ஓரத்தில் இவள் வந்தாளா வரவில்லையா என்று குறித்துக்கொண்டால் போதும். இரண்டாம் வருடம் படிக்கும் மாணவன்கூட அப்படித்தான் செய்திருப்பான். ஆனால் எனக்கு ஒரு குணம் உண்டு. மனைவி சொன்ன வழியில் போனால் வீடு சீக்கிரம் வந்துவிடும் என்று தெரிந்தால், நான் சுற்றுவழியில் போய் அழகான காட்சி ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன்.

நேரு பிளேஸ் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜையில் ஒரு பஞ்சாபி நண்பர். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் குறுந்தகட்டை ஒரு பழைய இயந்திரத்தில் ஏற்றிவைத்து, அதை வீட்டு மாப்பிள்ளை மாதிரி கவனித்துக்கொண்டவர். அவரிடம் என் பிரச்சினையைச் சொன்னேன். எண் இருக்கும் இடத்தில் எண் இல்லாத ஒன்றை வைக்க வேண்டும்.

"அரே பாயி" என்றார், சமோசாவை வைத்துவிட்டு. "கம்ப்யூட்டருக்குள்ளேயே அப்படி ஒன்று இருக்கிறது. நம்பர் மாதிரி உட்கார்ந்திருக்கும், ஆனால் நம்பரே இல்லை."

"கடையில் கிடைக்குமா?"

"நாமே செய்துகொள்ளலாம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகு."

பள்ளிக்கூடத்தில் எந்தக் காரியத்துக்காக என் தலையில் குட்டினார்களோ, அந்தக் காரியத்தைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யச் சொல்கிறார். உடனே உட்கார்ந்தேன். பூஜ்யத்தை எடுத்துப் பூஜ்யத்தால் வகுத்து ஓடவிட்டேன். புரோகிராம் செத்து விழுந்தது. தசம எண்ணில் கோளாறு என்று ஒரு வரியில் மரண அறிக்கை வேறு. நான் எழுதியதில் தசமமே கிடையாது, இரண்டும் முழு எண்கள். நண்பர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். தசம எண்ணாக இருந்தால்தான் இந்த வித்தை பலிக்குமாம், முழு எண்ணை இப்படி வகுத்தால் உயிர் போய்விடுமாம், போகும்போது பழியைத் தசமத்தின் மேல் போட்டுவிட்டுப் போகுமாம். அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்த அனுபவம் இருந்தால் இதெல்லாம் புரியும் என்றார்.

தசமப் புள்ளிகளோடு மறுபடி எழுதினேன். இந்த முறை சாகவில்லை. திரையில் மூன்று எழுத்து வந்தது: nan. அதன் முன்னால் ஒரு மைனஸ்.

எண் அல்லாதது என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் சுருக்கம் அது. அந்த மூன்றெழுத்தை வைத்துத் தில்லியில் எவரும் செய்யக்கூடிய ரொட்டி நகைச்சுவையை எங்கள் அலுவலகம் பத்தே நிமிடத்தில் செய்து தீர்த்துவிட்டதால், நான் இங்கே அதைத் தொடப்போவதில்லை. எனக்கு இருந்த சந்தேகம் வேறு.

"எண்ணே இல்லை என்கிறது. பிறகு மைனஸ் எதற்கு?"

"அது அப்படித்தான்" என்றார் நண்பர். "மாப்பிள்ளை வேலைக்குப் போவதில்லை, ஆனால் டை கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்."

அதன் குணம் இன்னும் விசேஷம். கல்யாணப் பந்தியில் ஒரு சித்தப்பா கோபித்துக்கொண்டு எழுந்தால் அவர் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் இலையை விட்டு எழுந்துவிடுவார்கள் அல்லவா, அந்த ஜாதி. அதோடு எதைக் கூட்டினாலும், எதால் பெருக்கினாலும், முடிவும் எண் அல்லாததாகிவிடும். நீ முப்பத்து மூன்றுக்குக் குறைவா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். முப்பத்து மூன்றோ அதற்கு மேலோவா என்றால் அதற்கும் இல்லை. எல்லாவற்றுக்கும் உச்சமாக, நீ உனக்குச் சமமா என்று கேட்டால் அதற்கும் இல்லை என்றுதான் சொல்லும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அத்தனை மதிப்புகளிலும் தன்னையே தான் இல்லை என்று சொல்வது அது ஒன்றுதான்.

"அதை வைத்துத்தான் அதைப் பிடிக்க வேண்டும்" என்றார் நண்பர். "இது இதுவேதானா என்று கேள். இல்லை என்று சொன்னால் அதுதான் ஆள்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்ததில், பக்கத்தில் நின்றவர் தன் பர்ஸை முன்பைக்கு மாற்றிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை புரோகிராம் தயார். மதிப்பெண் இருக்கும் இடத்தில் AB என்று இருந்தால், அங்கே பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்து அந்த விசித்திரத்தை உண்டாக்கி வைப்பேன். பிறகு கூட்டும்போது ஒவ்வொரு மதிப்பெண்ணிடமும் ஒரு கேள்வி: if (m != m). அதாவது, இந்த மதிப்பெண் இந்த மதிப்பெண்ணுக்குச் சமமில்லையா? சமமில்லை என்றால் தாளில் AB என்று அச்சடித்துவிட்டு, கூட்டாமல் தாண்டிப் போ. மாதிரித் தாளை மனைவியிடம் கொடுத்தேன். அவள் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் கையால் கூட்டிச் சரிபார்த்தாள். கேம்ப் பெண்ணின் வரியில் AB என்று இருந்தது, ஐந்து பாடத்தின் சராசரி அறுபத்தொன்று என்று இருந்தது, PASS என்று இருந்தது.

"சரியாத்தான் இருக்கு" என்றாள். ஆச்சரியத்தை மறைக்க முயன்றது தெரிந்தது. "இதோட விட்டுருங்க. இனிமே தொடாதீங்க."

நான் விட்டிருப்பேன். பிரின்ஸிபல்தான் விடவில்லை. முடிவு வெளியாகும் நாளில் புரோகிராமின் நகல் ஒன்றையும் பக்கத்தில் ஒட்டிவைத்தால் பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்று சொல்லி அனுப்பினார். ஒரு படைப்பாளிக்கு இதைவிட என்ன வேண்டும்? என் பெயரோடு, தலைப்போடு, சுவரில். வெள்ளிக்கிழமை மதியம் அலுவலகத்தில் உட்கார்ந்து, அதை மணப்பெண் மாதிரி அலங்கரிக்க ஆரம்பித்தேன். இடைவெளிகளை ஒழுங்கு செய்தேன், பெயர்களை நீட்டி எழுதினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது.

if (m != m).

நான் அதை உற்றுப் பார்த்தேன். ஒரு பொருள் அந்தப் பொருளாகவே இல்லாவிட்டால் என்று கேட்கிறான் ஒருவன். இது என்ன கேள்வி? நீங்கள் நீங்கள் இல்லாவிட்டால் கதவைத் தட்டவும் என்று வாசலில் எழுதி வைப்பானா ஒருவன்? ஏதோ தட்டச்சு செய்யும்போது கை தவறியிருக்கிறது. இதைச் சுவரில் பார்த்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிரிக்கமாட்டார்களா? பக்கத்தில் ஒரு விளக்கக் குறிப்பாவது எழுதியிருக்கலாம், எழுதவில்லை. எழுதும்போது இவ்வளவு அபாரமான விஷயத்தை நான் எப்படி மறப்பேன் என்று நினைத்தேன். பஞ்சாபி நண்பர் அன்று அத்தை மகள் கல்யாணத்துக்காக லூதியானா போயிருந்தார். வரியையும் அதன் வாலையும் வெட்டி எறிந்தேன். புரோகிராம் எவ்வளவோ லட்சணமாகிவிட்டது. அதையே ஓடவிட்டு, புள்ளி அச்சு இயந்திரம் கிர்ர் கிர்ர் என்று கத்திக்கொண்டிருக்கும்போதே டீ குடிக்கப் போய்விட்டேன். வந்து தாளைக் கிழித்துச் சுருட்டினேன். பார்க்கவில்லை. போன வாரம்தான் சரியாக இருந்ததே.

மறுநாள் காலை லோதி ரோட்டில் இலவ மரங்கள் பூத்திருந்தன, சாலையோரமெல்லாம் சிவப்பு. மனைவி நேராக வகுப்புக்கு மதிப்பெண் அட்டை கொடுக்கப் போய்விட்டாள். நான் பசையும் சுருளுமாகப் போய் அறிவிப்புப் பலகையில் இரண்டு தாள்களையும் ஒட்டினேன். என் பெயர் இருந்த தாளை நடுவில், முடிவுத் தாளைச் சற்று ஓரமாக. ஒட்டிவிட்டு, யாராவது பாராட்டினால் வசதியாக இருக்கும் என்று பக்கத்திலேயே நின்றேன்.

முதலில் வந்தவர்கள் அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும். அம்மா இரண்டு கோட்டிக்கும் காலையில் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். நெற்றியில் விபூதி, கையில் எதற்கோ ஒரு பிளாஸ்டிக் பை. பெண் முகத்தில் இன்னும் தழும்பு. அவள் விரலைத் தாளில் வைத்து மேலிருந்து கீழே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. நகரவில்லை.

தனக்குப் படிக்கத் தெரியாது என்று அம்மா என்னிடம் திரும்பினார். "சார், இன்னா போட்டிருக்குது? பாஸா?"

நான் புன்னகையோடு குனிந்தேன். விரலுக்கு நேரே, விஞ்ஞானத்தில் -nan. சராசரியில் -nan. அதற்கு நேரே, கொட்டை எழுத்தில், FAIL.

எனக்கு அந்தக் கணமே எல்லாம் விளங்கிவிட்டது, அதுதான் கொடுமை. சித்தப்பா எழுந்திருக்கிறார், பந்தி மொத்தமும் எழுந்திருக்கிறது. அவளுடைய எண் அல்லாத சராசரியிடம் என் புரோகிராம், நீ முப்பத்து மூன்றோ அதற்கு மேலோவா என்று கேட்டிருக்கிறது. இல்லை என்று அது சொல்லியிருக்கிறது. அப்படியானால் ஃபெயில். அதே கேள்வியைத் திருப்பி, நீ முப்பத்து மூன்றுக்குக் குறைவா என்று நான் கேட்டிருந்தால், அதற்கும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கும். அப்போது அவள் பாஸ். என் முட்டாள்தனத்துக்கே இரண்டு வாசல் இருந்திருக்கிறது. நான் பார்த்து நுழைந்தது இந்த வாசல்.

"அது வந்தும்மா" என்று ஆரம்பித்தேன். "கம்ப்யூட்டர்ல ஒரு எண்ணு எண்ணாவே இல்லாம போறப்போ..."

"பாஸா ஃபெயிலா, அத்த மட்டும் சொல்லு சார்."

"இங்க போட்டிருக்கிறது ஃபெயில். ஆனா அது ஃபெயில் இல்ல."

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். கோட்டி மேம்சாப்களிடம் எத்தனையோ விதமான பதிலைக் கேட்டவர். இது அவருக்குப் புதிது. "சரி, வா" என்று பெண்ணின் கையைப் பிடித்தார். "திங்கக்கெழம என்கூட வந்துடு. அந்த சுடிதார எடுத்துத் தொவைச்சி வெய்யி."

பெண் அழவில்லை. கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை. தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அங்கிள், யே மைனஸ் க்யோன், எதுக்கு? நான் என்ன தப்பு எழுதினேன்?" என்று கேட்டாள். எழுதாத பரீட்சையில் என்ன தப்பு எழுதினேன் என்று கேட்கிறாள். "ரெண்டே நிமிஷம், போகாதீங்க, டீச்சரைக் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். கல்லூரி ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்த பிறகு நான் ஓடியது அன்றுதான்.

வகுப்பு வாசலில் நான் மூச்சு வாங்கி நின்ற கோலத்தைப் பார்த்தே என் மனைவிக்குப் பாதி புரிந்துவிட்டது.

"தொட்டீங்களா?"

"கொஞ்சம் அழகு பண்ணினேன்."

அவள் மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவள் ஓடவில்லை, ஆனால் நான்தான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. அம்மாவும் பெண்ணும் கேட்டுக்குப் போகும் வழியில் பாதி தூரம் போயிருந்தார்கள். "ஏ பிள்ள, நில்லு" என்றாள். தமிழ்ப் பள்ளியில் அந்தக் குரலுக்கு நிற்காதவர்கள் இல்லை. வாட்ச்மேனும் நின்றார்.

பலகை முன்னால் நின்று, ஐந்து மதிப்பெண்களையும் வாய்க்குள் கூட்டினாள். தாளின் ஓரத்தில் ஐந்தால் வகுத்தாள். அறுபத்தொன்று. -nan ஐ அடித்தாள், FAIL ஐ இன்னும் அழுத்தி அடித்தாள், மேலே PASS என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். நான் ஒரு மாதமாகச் செய்ததை, மூடியைக் கழற்றி மறுபடி மாட்டுவதற்குள் முடித்துவிட்டாள்.

"உங்க பொண்ணு பாஸ்ம்மா. பத்தாங்கிளாஸ்."

அம்மாவின் சந்தேகம் தீரவில்லை. பலகையைக் காட்டினார். "நீ எழுதினா செல்லுமா டீச்சர்? கம்ப்யூட்டரு ஒத்துக்குமா? நாளைக்கு மாத்தி கீத்தி..."

"கம்ப்யூட்டர நான் வீட்டுல வச்சிப் பேசிக்கிடுதேன்."

அம்மா என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பிளாஸ்டிக் பையிலிருந்து கொஞ்சம் கசங்கிய லட்டுப் பொட்டலத்தை எடுத்தார். பாஸ் என்றால் கொடுப்பதற்கும், இல்லை என்றால் சத்தமில்லாமல் திருப்பி எடுத்துப் போவதற்கும் தயாராக வாங்கி வந்திருக்கிறார். மனைவிக்கு ஒன்று, வாட்ச்மேனுக்கு ஒன்று. கொஞ்சம் தயங்கி எனக்கும் அரை.

"மேம்சாப்கிட்ட பொண்ணு வராதுனு சொல்லிட்றேன்" என்றார். "வேற ஆள பாத்துக்கட்டும்."

அதற்குள் பெண் தாளின் அடிப்பகுதிக்குப் போயிருந்தாள். அங்கே, ஒன்பதாம் வகுப்பின் மொத்தச் சராசரி என்ற இடத்தில், இன்னொரு -nan உட்கார்ந்திருந்தது. அவள் ஒருத்தியுடைய கணக்கு எண் இல்லாமல் போனதால், கூட்டும்போது வகுப்பு முழுவதும் எண் இல்லாமல் போய்விட்டது. நான் அதை எப்படியோ சுருக்கமாக விளக்கினேன். கவனமாகக் கேட்டாள்.

"அச்சா, அப்போ நான் ஒருத்தி வரலைன்னா முழு கிளாஸும் ஜீரோவா?"

"ஜீரோகூட இல்ல. எண்ணே இல்ல."

இது அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அந்த வரியை மட்டும் அடிக்க வேண்டாம் என்று டீச்சரிடம் கேட்டாள். டீச்சர் அடித்துவிட்டாள். ஆனாலும் அன்று மதியம்வரை பலகைக்கு வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் அவள் அதைச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என் பெயர் போட்ட நடுத் தாளை யாரும் படிக்கவில்லை. ஒரு பையன் மட்டும் நின்று பார்த்தான். பிறகு அதன் மூலையில் மூக்கைத் துடைத்துவிட்டுப் போனான்.

பின்னாட்களில் சி மொழியில் இதற்கென்றே தனிப் பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது யாரும் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்துக் கஷ்டப்பட வேண்டியதில்லை, பெயரைச் சொன்னால் வந்து நிற்கும். இது எண்தானா என்று கேட்கவும் ஒழுங்கான வழி வந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் அந்தப் பழைய வரியில் ஒரு பிரியம். எங்கே கண்டாலும் பக்கத்தில் பத்து வரி விளக்கம் எழுதிவிட்டுத்தான் நகர்வேன்.

அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. யமுனைப் பாலம் தாண்டும்வரை மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மடியில் திருத்த வேண்டிய வேறொரு வகுப்பின் விடைத்தாள்கள்.

"அந்த வரிய எதுக்கு எடுத்தீங்க?" என்றாள் பிறகு.

"பார்க்க முட்டாள்தனமா இருந்துச்சு."

"யாரு எழுதுன வரி?"

"நான் எழுதினதுதான்."

அவள் தலையை ஆட்டினாள். அவளுக்கு இரண்டுமே நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு மாதிரிதான் தெரிந்தது. அந்தத் தைரியத்தில் நான் அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

"இப்ப எனக்கு எல்லாம் பிடிபட்டுடுச்சு. அரையாண்டுப் பரீட்சைக்கு இன்னும் பிரமாதமா ஒண்ணு எழுதித் தரேன். ரேங்க்கூடப் போடலாம். ரிசல்ட் அன்னிக்கு நானே வந்து பக்கத்துல நிக்கறேன், என்ன சொல்ற?"

மனைவி சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"அன்னைக்கு நீங்க ஆப்சென்ட்."